நேர் ரோட்டுல ஸ்டியரிங் கோணலா நிக்குதா? பழைய ஸ்போர்ட்டி வண்டிக்கு வீட்டு முற்றத்துலயே பாக்கற முழு செக்கப்

என்கிட்ட இருக்கறது ஃபியட் பேலியோ 1.6 ஜிடிஎக்ஸ், டிஎன் 74 நம்பர். இதைப்போய் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றியேன்னு சிரிக்கறவங்க சிரிங்க, 2001-ல பேலியோ நம்ம ஊர்ல இறங்கினப்போ அந்த சின்ன பாடிக்குள்ள 100 குதிரைசக்தி எஞ்சின்ங்கறது சின்ன விஷயம் இல்ல. நான் இதை மூணாவது கை ஓனரா வாங்கினேன். எஞ்சின் கொள்ளாம், கியர் கொள்ளாம், ஆனா நாகர்கோவில்ல இருந்து தக்கலை போற வழியில நேரா ரோடு கிடைச்சா ஸ்டியரிங் மட்டும் வலது பக்கம் சரிஞ்சு, மணி முள்ளு பன்னெண்டரைல நிக்கற மாதிரி நிக்கும். மூணு தடவை அலைன்மெண்ட் பண்ணேன், மூணு தடவையும் எல்லாம் பச்சையா பேப்பர் கையில குடுத்தாங்க, ஒரு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் ஏதோ ஒரு பள்ளத்துல விழுந்ததும் பழையபடி ஆயிடும். இதுக்கிடையில வலது முன் டயர் உள்பக்கம் கம்பி தெரியற அளவுக்கு தேஞ்சு போச்சு.

கடைசில நானும் என் சித்தி பையனும் சேர்ந்து ரெண்டு ஞாயித்துக்கிழமை வீட்டு முற்றத்துல படுத்து உருண்டு கண்டுபிடிச்சதுதான் இது. அலைன்மெண்ட் மெஷின் சக்கரம் இப்போ எந்தக் கோணத்துல நிக்குதுன்னு மட்டும்தான் காட்டும், எதனால அங்க போச்சுன்னு காட்டாது. அடியில ஆட்டம் இருக்கற வண்டிய எத்தனை தடவை மெஷின்ல ஏத்தினாலும் காசுதான் போகும். அதனால கீழ சொல்ற வரிசைய மாத்தாதீங்க, மெஷின் கடைசி.

முதல்ல என்ன வியாதின்னு பிரிச்சுக்கோங்க

"அலைன்மெண்ட் அவுட்டு"ன்னு எல்லாரும் ஒரே வார்த்தைல சொல்றதுக்குள்ள மூணு தனித்தனி வியாதி இருக்கு. வண்டி நேராத்தான் போகுது, ஸ்டியரிங் மட்டும் கோணல்னா அது ஒண்ணு. கைய தளர்த்தினா வண்டி ஒரு பக்கமா ஒதுங்குதுன்னா அது இழுப்பு, வேற கதை. மூணாவது அலைச்சல், எந்தப் பக்கமும் நிலையா இழுக்காது ஆனா நாம சும்மா சும்மா திருத்திக்கிட்டே இருக்கணும், 80-க்கு மேல போனா நெஞ்சு படபடக்கும்.

இதை ஏன் பிரிக்கணும்னா, முன் சக்கரத்தோட டோ (மேல இருந்து பாத்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ள திரும்பினா டோ-இன், வெளிய திரும்பினா டோ-அவுட்) தப்பா இருந்தா வண்டி இழுக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, மெக்கானிக்கே சில பேர் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா ஓடும்போது ரெண்டு முன் சக்கரமும் அந்த டோ தப்ப சரிபாதியா பங்கு போட்டுக்கும், அதனால வண்டி நேராவே போகும், ஸ்டியரிங்தான் கோணலாகும், டயர் தேயும். இழுப்புக்கு காரணத்த டயர், பிரேக், கேம்பர் (முன்னால நின்னு பாத்தா சக்கரம் மேல்பக்கம் உள்ளயோ வெளியவோ சாயறது), காஸ்டர் (பக்கவாட்டுல பாத்தா சக்கரம் திரும்பற அச்சு முன்ன பின்ன சாயறது) இதுலதான் தேடணும். அலைச்சல்னா பெரும்பாலும் எங்கயோ ஆட்டம், இல்ல ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பேரிங் இறுக்கம்.

ஓட்டிப் பாக்கற இடமும் முக்கியம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி ஆடில போய் டெஸ்ட் பண்ணிட்டு வண்டி இழுக்குதுன்னு வராதீங்க, அங்க காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான், கணவாய் வழியா வர்ற காத்து நல்ல வண்டியையே ஒரு தள்ளு தள்ளும். காத்து இல்லாத விடிகாலை பாத்து போங்க. அப்புறம் நம்ம ரோடெல்லாம் மழைத்தண்ணி வடியறதுக்காக ஓரத்துக்கு சரிஞ்சுதான் இருக்கும், நாம லெஃப்ட்ல ஓட்டறதால லேசா லெஃப்ட்டுக்கு ஒதுங்கறது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். அந்த சரிவையும் மீறி ரைட்டுக்கு போச்சுன்னா கண்டிப்பா ஏதோ இருக்கு. 50, 60 கிலோமீட்டர் வேகம் போதும், கைய முழுசா எடுக்க வேண்டாம், விரல் ஸ்டியரிங்க சுத்தி இருக்கட்டும் பிடிய மட்டும் தளர்த்துங்க.

டயரும் பிரேக்கும்

டயர் ஆறியிருக்கும்போதே, அதாவது வண்டி ஓடி சூடாகறதுக்கு முன்னாடி, காத்து அடிச்சு நாலு டயரும் டோர் ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுக்கு வைங்க. ஒரு பக்கம் 5, 6 பிஎஸ்ஐ குறைவா இருந்தாலே அந்தப் பக்கம் இழுக்கும், இதுக்காக லோயர் ஆர்ம் (சக்கரத்த அடியில பாடியோட சேர்க்கற கை) மாத்தினவங்கள எனக்கு தெரியும்.

அடுத்து டயர் பட்டன் (தரைல படற பகுதி) மேல உள்ளங்கைய குறுக்கால தடவிப் பாருங்க. ஒரு திசைல வழவழன்னும் எதிர் திசைல ரம்பப்பல் மாதிரி கரகரன்னும் இருந்தா அது டோ தின்ன தேய்மானம். உள்ள இருந்து வெளிய தடவும்போது குத்தினா டோ-இன் அதிகம், வெளிய இருந்து உள்ள தடவும்போது குத்தினா டோ-அவுட் அதிகம். ரம்பம் இல்லாம ஒரு ஓரம் மட்டும் மொழுக்கட்டையா தேஞ்சிருந்தா கேம்பர் பக்கம் யோசிக்கணும். என் டயர்ல ரெண்டும் இருந்துச்சு, அதனாலதான் குழம்பிப் போனேன்.

இழுப்பு இருக்கறவங்க முன் டயர் ரெண்டையும் இடம் வலமா மாத்திப் போட்டு அதே ரோட்டுல ஓட்டுங்க. இழுப்பு பக்கம் மாறினா டயருக்குள்ள இருக்கற பெல்ட்தான் காரணம், டயர மாத்தினா கதை முடிஞ்சுது. ஒரே திசை அம்புக்குறி போட்ட டயர்னா டெஸ்ட்டுக்கு மட்டும் மாத்திட்டு உடனே திருப்பிப் போட்டுருங்க.

பிரேக்குக்கு, அஞ்சாறு கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாம ஓட்டி, வண்டிய தானா உருள விட்டு நிறுத்தி, ரிம்முக்கு பக்கத்துல கைய கொண்டு போய் பாருங்க, தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா காலிப்பர் (பிரேக் பேட அமுக்கற பாகம்) பிடிச்சிருக்கு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சின்னு கடலோரமா நிக்கற வண்டிகளுக்கு உப்புக்காத்துல காலிப்பர் பின்னு துரு ஏறி இறுகறது சர்வ சாதாரணம். பழைய பிரேக் ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கிப் போனாலும் இதே அறிகுறிதான்.

இனி வண்டிய தூக்கணும்

ஜாக்கிய மட்டும் நம்பி அடியில தலைய நீட்டாதீங்க. மழை பெஞ்சு ஈரமான முற்றத்துல ஜாக்கி பைய சரிஞ்சு உக்காந்தத நான் கண்ணால பாத்திருக்கேன். கெட்டியான சிமெண்ட் தரை, ஸ்டாண்டு ரெண்டு, பின் சக்கரத்துக்கு கல்லு, இதுல எதுவும் குறையக்கூடாது.

முன் சக்கரத்த 9 மணி, 3 மணி இடத்துல பிடிச்சு மாறி மாறி தள்ளுங்க. டக்கு டக்குன்னு ஆட்டம் இருந்தா டை ராடு (ராக்கையும் சக்கரத்தையும் சேர்க்கற கம்பி) எண்டு, இல்ல ரப்பர் பூட்டுக்குள்ள (தூசி போகாம மூடற உறை) இருக்கற உள் ஜாயிண்ட், இல்ல ராக்கே (ஸ்டியரிங்க திருப்பினா இடம் வலமா நகர்ற பல்லுக் கம்பி) தேஞ்சிருக்கும். 12 மணி, 6 மணி இடத்துல ஆடினா வீல் பேரிங் அல்லது கீழ் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்ம சக்கரத்தோட சேர்க்கற உருண்டை மூட்டு). எதுன்னு பிரிக்க ஒரு ஆள உள்ள உக்கார வச்சு பிரேக்க அமுக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, ஆட்டம் நின்னு போச்சுன்னா பேரிங், அப்பவும் ஆடினா பால் ஜாயிண்ட். ரப்பர் பூட்ட வெளியில இருந்தே கையால அமுக்கிப் பிடிச்சா உள் ஜாயிண்ட் ஆட்டம் விரலுக்கு தெரியும், கண்ணுக்கு தெரியாது.

சக்கரம் காத்துல தொங்கும்போது தெரியாத ஆட்டம் நிறைய உண்டு. அதனால வண்டிய இறக்கி, எஞ்சின ஸ்டார்ட் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டு, உள்ள இருக்கறவங்க ஸ்டியரிங்க ரெண்டு இஞ்சு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் ஆட்டட்டும், நீங்க வெளிய முன்பக்கத்துல படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டா கை வச்சு பாருங்க. ராக்க பாடியோட பிடிச்சிருக்கற ரப்பர் கிளாம்பு, ஸ்டியரிங் ராடு கீழ வந்து ராக்குல சேர்ற இடத்துல இருக்கற யுனிவர்சல் ஜாயிண்ட், இது ரெண்டையும் யாரும் பாக்கறதே இல்ல. கூடவே ஸ்பிரிங் மேல கை வைங்க, திருப்பும்போது ஸ்பிரிங் சேர்ந்து வராம நின்னு நின்னு டொய்ங்னு துள்ளினா ஸ்ட்ரட் மேல் பேரிங் போச்சு. வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா திரும்பி வரலைங்கற புகாருக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

என் வண்டிய பிடிச்ச இடம் இதெல்லாம் இல்ல, லோயர் ஆர்ம் பின் புஷ், அதாவது ஆர்ம பாடியோட சேர்க்கற இடத்துல இருக்கற ரப்பர். சும்மா பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் சித்தி பையன்கிட்ட "மக்கா, பைய ஒரு சாண் முன்னால விட்டு சடக்குனு பிரேக் புடி, அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி"ன்னு சொல்லிட்டு நான் ஒதுங்கி நின்னு மட்கார்டுக்கும் டயருக்கும் இருக்கற இடைவெளிய பாத்தேன். இடது சக்கரம் இருந்த இடத்துலயே நின்னுச்சு, வலது சக்கரம் ஒவ்வொரு பிரேக்குக்கும் அரை விரக்கடை பின்னால போயிட்டு வந்துச்சு. "லேய், இது நடக்குது"ன்னு அவன் கத்தினான். கழட்டிப் பாத்தா ரப்பர் உள் பைப்ப விட்டு பாதி வட்டம் கிழிஞ்சு, பழைய செருப்பு வார் மாதிரி தொங்குது. மெஷின் மேல நிக்கும்போது அது நல்லபிள்ளையா இருக்கும், பள்ளத்துல விழுந்தா சக்கரம் பின்னால போகும், காஸ்டரும் டோவும் ரெண்டும் மாறும். மூணு தடவை அலைன்மெண்ட் காசு போனது இப்படித்தான்.

புது புஷ் போடறவங்களுக்கு ஒரு விஷயம். போல்ட்ட வண்டி தொங்கும்போது முழுசா இறுக்கிடாதீங்க. கைப்பதத்துக்கு வச்சுட்டு, வண்டிய தரைல இறக்கி ரெண்டு ஆட்டு ஆட்டி உக்கார வச்சு, அந்த உயரத்துல இறுக்கணும். தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுகினபடியே இருந்து சீக்கிரமே மறுபடி கிழியும். அவசரத்துல கடைகள்ல இதை செய்யறது குறைவு, பக்கத்துல நின்னு கேட்டு வாங்கணும்.

ஸ்டியரிங் நடு எங்க இருக்கு?

ஸ்டியரிங் நடுவுல மேல ஒரு துண்டு டேப் ஒட்டுங்க. ஒரு பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி, அங்க இருந்து எதிர் கடைசிக்கு எத்தனை சுத்துன்னு எண்ணுங்க. மூணு சுத்து வந்தா ஒன்றரைல நிறுத்துங்க, அதுதான் ராக்கோட நடு. அங்க டேப் உச்சில இருந்தா ஸ்டியரிங் வீல் சரியா மாட்டியிருக்கு, கோணலுக்கு காரணம் டை ராடு இல்லன்னா பின்பக்கம். டேப் தள்ளி இருந்தா யாரோ ஸ்டியரிங் வீல கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்காங்க.

என் வண்டில யாரோ ஒருத்தர் அதைத்தான் செஞ்சிருந்தார். எந்தக் கடை, எந்த ஓனர் காலத்துலன்னு தெரியாது, தெரிஞ்சு என்ன செய்ய. 36 பல்லு உள்ள வீல்ல ஒரு பல்லு தள்ளினா 10 டிகிரி. டை ராடுல பாத்தா லாக் நட்டுக்கு வெளிய தெரியற புரி வலது பக்கம் 17, இடது பக்கம் 13. நாலு புரி வித்தியாசம், புரிக்கு 1.5 மி.மீ, ஆக 6 மி.மீ, அதுல பாதி 3 மி.மீ அளவுக்கு ராக்கு நடுவ விட்டு ஒதுங்கி நிக்குது, ஸ்டியரிங்ல அது சுமார் 24 டிகிரி. அதுல 10 டிகிரிய பல்லு மாத்தி மறைச்சிருக்காங்க, மிச்சம் 14 டிகிரிதான் நான் பாத்த அந்த பன்னெண்டரை மணி. வீல் கோணல்னா வீல கழட்டி நேரா வைக்கறது, வாசல் கோணல்னா வீட்டுப் படத்த சாய்ச்சு மாட்டற வேலை. ராக்கு நடுவ விட்டு ஓடினா ஒரு பக்கம் திரும்பற வட்டம் பெருசாகும், இன்னொரு பக்கம் சின்னதாகும், அதையும் நான் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பாத்திருக்கேன், புரியல.

ஏர்பேக் இருக்கற வண்டினா பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் ஸ்டியரிங்ல கை வைக்கணும். உள்ள இருக்கற சுருள் வயரும் நடுவுல இருக்கணும், இல்லன்னா ஒரு முழு திருப்புல அறுந்துரும். தைரியம் இல்லன்னா இந்த வேலைய மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

பின்பக்கத்த மறந்துடாதீங்க

முன்னாடி எவ்வளவு சரி பண்ணாலும் பின் ஆக்ஸில் ஒரு பக்கம் பாத்து நின்னா வண்டி நண்டு மாதிரி சாஞ்சுதான் போகும், அதுக்கு ஈடுகட்ட ஸ்டியரிங்கும் கோணும். நம்ம ஊர்ல இதுக்கு மழையே மெஷின். தேங்கின தண்ணில நாலு சக்கரத்தையும் நனைச்சு, காஞ்ச சிமெண்ட் தரைல பைய நேரா ஒரு இருவது அடி ஓட்டி இறங்கிப் பாருங்க. பின் டயர் தடம் முன் டயர் தடத்த விட்டு இடது பக்கம் எவ்வளவு உள்ளயோ வெளியவோ இருக்கோ, வலது பக்கமும் அதே அளவு இருக்கணும். முன்னாடி பின்னாடி அகலம் வேற வேறயா இருக்கலாம், அது தப்பில்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னுதான் பாக்கணும். பேலியோ மாதிரி பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கற ஒரே இரும்பு உத்தரம்) உள்ள வண்டில இதை திருத்த அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது. தடம் ஒதுங்கினா பீம் வளைஞ்சிருக்கு, இல்ல அதோட புஷ் செத்திருக்கு.

கொத்தனார் நூல்

இனி அளக்கலாம். சமமான இடம் வேணும், தண்ணி ட்யூப் வச்சு நாலு சக்கரம் நிக்கற இடத்தையும் மட்டம் பாருங்க, தாழ்ந்த இடத்துல டைல்ஸ் துண்டு வைங்க. முன் சக்கரத்துக்கு அடில பழைய ஃபிளெக்ஸ் பேனர ரெண்டா மடிச்சு நடுவுல கிரீஸ் தடவி வச்சா சக்கரம் ஒட்டிக்காம தாராளமா திரும்பும். ராக்க நடுவுல வச்சு ஸ்டியரிங்க கட்டிப் போடுங்க.

ரெண்டு பக்கமும் சக்கரத்தோட நடு உயரத்துல நூல் இழுத்துக் கட்டுங்க. ரெண்டு நூலுக்கும் இடையில உள்ள தூரம் வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணா இருக்கணும். முன் ஹப்புல (சக்கரத்தோட நடு) இருந்து நூல் வரைக்கும் இடம் வலம் சமம், பின் ஹப்புலயும் இடம் வலம் சமம். இதை நிலைக்கு கொண்டு வர்றதுக்குள்ள பொறுமை போயிடும், எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, நடுவுல கோழி வேற நூல்ல மாட்டுச்சு. சரியா நின்னதும் ஸ்டீல் ஸ்கேல் வச்சு ரிம்மோட முன் ஓரத்துல இருந்து நூலுக்கும், பின் ஓரத்துல இருந்து நூலுக்கும் அளங்க. டயர்ல வச்சு அளக்காதீங்க, டயர் புடைப்பு ஏமாத்தும். 14 இஞ்சு ரிம்ல 1 மி.மீ வித்தியாசம்னா சுமாரா 0.16 டிகிரி. முன் ஓரம் நூல விட்டு அதிகம் விலகியிருந்தா அந்த சக்கரம் டோ-இன்.

கேம்பருக்கு தூக்குக்குண்டு போதும். ரிம் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் நூல்ல இருந்து உள்ள வித்தியாசம் 6 மி.மீ இருந்தா சுமார் 1 டிகிரி. இடம் வலம் அரை டிகிரிக்கு மேல வேறுபட்டா, மேல்பக்கம் அதிகமா வெளிய சாஞ்ச சக்கரம் எதுவோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர்னா எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டிகள்ல பெரும்பாலும் டோ மட்டும்தான் திருத்த முடியும், கேம்பர் தப்புன்னா ஸ்ட்ரட்டோ ஆர்மோ நக்குலோ (சக்கரத்த தாங்கற பாகம்) வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். 1989-ல வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி டபுள் விஷ்போன் (ஒரு சக்கரத்துக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம்) வண்டிகள்ல நாலு மூலையிலயும் சுத்தினா ஆர்ம் நகர்ற கேம் போல்ட் இருக்கும், எல்லாத்தையும் திருத்தலாம், ஆனா துரு ஏறி இறுகியிருந்தா முதல் நாளே ஆயில் அடிச்சு ஊற விட்டுட்டு, இருந்த இடத்த பெயிண்ட்ல குறிச்சுட்டு அப்புறம் அசைங்க.

டை ராடு திருப்பறது

லாக் நட்ட லூஸ் பண்ணி, பூட்டோட கிளிப்பையும் கழட்டுங்க, இல்லன்னா பூட்டு முறுகி கிழியும். ராக்கு ஆக்ஸிலுக்கு பின்னாடி இருந்தா டை ராடு நீளும்போது டோ-இன் கூடும், முன்னாடி இருந்தா தலைகீழ். ஸ்டியரிங் கோணல மட்டும் திருத்த ஒரு பக்கம் எவ்வளவு சுருக்கறோமோ மறுபக்கம் அவ்வளவே நீட்டணும், அப்போ மொத்த டோ மாறாது. ராக்கு பின்னாடி இருக்கற வண்டில ஸ்டியரிங் வலது பக்கம் கோணினா வலத சுருக்கி இடத நீட்டணும். 10 டிகிரி கோணலுக்கு ஒவ்வொரு பக்கமும் முக்கால் சுத்துக்கு கொஞ்சம் கூட. நான் முதல்ல ஸ்டியரிங் வீல ஒரு பல்லு திருப்பி அதோட உண்மையான இடத்துல மாட்டிட்டு, அப்புறம் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சுத்து குடுத்தேன், 15-க்கு 15 ஆச்சு. ஒவ்வொரு தடவை திருத்தினதுக்கு அப்புறமும் வண்டிய முன்னாடி பின்னாடி உருட்டிட்டுத்தான் அளக்கணும்.

இப்போதான் மெஷின். நாலு சக்கர அலைன்மெண்ட் வேணும்னு கேளுங்க, முன்னாடி மட்டும் போட்டுத் தர்றேன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. டிக்கில இருக்கற சாமான இறக்கி, காத்து பாத்துட்டு ஏத்துங்க. ஸ்டியரிங்க நேரா லாக் பண்ணாங்களான்னு நின்னு பாருங்க. சரி பண்றதுக்கு முன்னாடி இருந்த அளவு, சரி பண்ணின அப்புறம் வச்ச அளவு ரெண்டும் உள்ள பேப்பர கேட்டு வாங்குங்க. "கொஞ்சம் கோணல் இருக்கு அண்ணே, வீல கழட்டி நேரா வச்சிரட்டுமா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க.

லாக் நட் மேலயும் டை ராடு மேலயும் சேர்த்து வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சேன், 500 கிலோமீட்டர் கழிச்சு குனிஞ்சு பாத்தேன், கோடு உடையல. தக்கலை ரோட்டுல இப்பவும் கைய தளர்த்தினா லேசா லெஃப்ட்டுக்கு ஒதுங்குது. அது ரோட்டோட சரிவு, அதை நான் தொடப் போறதில்ல.